உருவத்தை நம்பாதே, முள்ளைப் பார்!

குழந்தைகளே, மாமல்லபுரம் போனால் என்னவெல்லாம் பார்ப்பீர்கள்? கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை... அப்புறம் ஒரு மாங்காய்ப் பத்தை, மிளகாய்த்தூள் தூவி! எல்லாம் சரி. ஆனால், அலை ஒதுக்கிவிட்டுப் போகும் குப்பையை என்றாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

சிப்பி இருக்கும், சங்குத் துண்டு இருக்கும், பாசி இருக்கும், அறுந்துபோன வலை நூல் இருக்கும். அவற்றுக்கு நடுவே எப்போதாவது, காய்ந்த ரொட்டித் துண்டு போல ஓட்டை ஓட்டையாக, தொட்டால் சொரசொரவென்று ஒன்று கிடக்கலாம். "ஏதோ செடியின் வேர்" என்று காலால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். அது ஒரு விலங்கின் எலும்புக்கூடாக இருக்கலாம்! அந்த விலங்கின் பெயர் பஞ்சுயிரி. ஆங்கிலத்தில் ஸ்பாஞ்ச் என்பார்கள். உங்கள் அறிவியல் பாடத்தில் 'துளையுடலிகள்' என்று வருகிறதே, அதே கூட்டம்தான்.

பஞ்சுயிரிகளில் இதுவரை 9,000க்கும் மேற்பட்ட இனங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். கண் இல்லை, வாய் இல்லை, கை கால் இல்லை. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அப்படியிருக்க, இது இன்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்தத் துப்பறியும் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

செடியா, விலங்கா?

பஞ்சுயிரி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே இருக்கும். அதனால் நெடுங்காலம் பலர் அதைச் செடி என்றே நினைத்தார்கள். 1825ம் ஆண்டு வாக்கில், ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் இருந்த ராபர்ட் கிராண்ட் என்பவர், உயிருள்ள பஞ்சுயிரித் துண்டு ஒன்றைக் கடல்நீரில் வைத்து நுண்ணோக்கி வழியே பார்த்தார். அதன் பெரிய துளையிலிருந்து தண்ணீர் ஊற்று போலப் பீறிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ இறைக்கிறது என்று தெரிந்தது.

ஆமாம், இறைக்கத்தான் செய்கிறது! உடம்பெங்கும் உள்ள சின்னஞ்சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே சாட்டை போன்ற இழைகள் கொண்ட செல்கள் வரிசையாக இருக்கும். அவை சாட்டையைச் சுழற்றித் தண்ணீரைத் தள்ளும். தண்ணீரில் மிதந்து வரும் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். சல்லடை போட்டு வடிகட்டிய தண்ணீர் பெரிய துளை வழியே வெளியேறும். தன் உடம்பின் அளவைப் போலப் பல ஆயிரம் மடங்கு தண்ணீரை ஒரே நாளில் வடிகட்டிவிடும். கடலுக்குச் சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர் இது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1907ம் ஆண்டு, அமெரிக்காவைச் சேர்ந்த வில்சன் என்ற விஞ்ஞானி, உயிருள்ள பஞ்சுயிரியை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரில் விழுந்தன. அவை மெல்ல நகர்ந்து ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, மறுபடியும் பஞ்சுயிரியாக வளரத் தொடங்கிவிட்டன!

பீர்க்கங்காய் நாரும் கண்ணாடி முள்ளும்

பாட்டி காலத்தில் முதுகு தேய்க்கப் பீர்க்கங்காய் நாரைப் பயன்படுத்துவார்கள். முற்றிய காயைக் காயவைத்தால் சதையெல்லாம் போய், வலை போன்ற நார்க்கூடு மட்டும் மிஞ்சும். பஞ்சுயிரிக்கும் அதுபோல ஓர் உள்கூடு உண்டு. சிலவற்றில் மிருதுவான நார் மட்டும் இருக்கும். குளிக்கப் பயன்படும் இயற்கைக் கடற்பஞ்சு அந்த வகைதான். ஆனால் பெரும்பாலான பஞ்சுயிரிகளில், நாரோடு சேர்ந்தோ நார் இல்லாமலோ, மிகச் சிறிய முட்கள் லட்சக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு 'ஸ்பிக்யூல்' என்று பெயர். நாம் நுண்முள் என்று சொல்லிக்கொள்வோம்.

சில இனங்களின் நுண்முள், சிப்பி ஓடு போலச் சுண்ணாம்பால் ஆனது. பெரும்பாலானவற்றில் அது சிலிக்காவால் ஆனது. சிலிக்கா என்றால் என்ன தெரியுமா? மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிறதே, அதே பொருள். கண்ணாடித் தொழிற்சாலையில் மணலை உருக்க, உலையில் ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடேற்ற வேண்டும். பஞ்சுயிரியோ உலையும் இல்லாமல், நெருப்பும் இல்லாமல், கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துக் கண்ணாடி முள் செய்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் உளியால் கல்லைச் செதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உளியே இல்லாத சிற்பி பஞ்சுயிரி!

இந்த நுண்முள்தான் பஞ்சுயிரியின் கைரேகை. இதை மனதில் வைத்துக்கொண்டு கதைக்குள் வாருங்கள்.

சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு பார்சல்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். 1851ம் ஆண்டு தொடங்கப்பட்டது அது. அதன் கண்காணிப்பாளராக 1885ம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் பொறுப்பேற்றார். நம் கடலில் என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன என்று அறிவதில் அவருக்கு ஆர்வம் அதிகம். சென்னைக்கு அருகே கிடைத்த பஞ்சுயிரிகளைச் சேகரித்தார். சேகரித்தால் போதுமா? பெயர் சொல்ல ஆள் வேண்டாமா?

அந்தச் சேகரிப்பு லண்டனுக்குப் போனது. அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் ஆர்தர் டெண்டி என்ற இளைஞர் பஞ்சுயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1865ம் ஆண்டு பிறந்தவர். அப்படியென்றால் அப்போது அவருக்கு வயது என்ன? 22தான்! கல்லூரி முடித்த அண்ணன் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 'சென்னையின் பஞ்சுயிரிகள்' என்ற பொருளில் 1887ம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நம் கடற்கரைப் பஞ்சுயிரிகளைப் பற்றி எழுதப்பட்ட முக்கியமான பழைய ஆவணங்களில் அதுவும் ஒன்று.

ஒரே இனம், மூன்று வேஷம்

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு பஞ்சுயிரிதான் நம் கதாநாயகன். சில துண்டுகள் உருண்டையாக இருந்தன. சில, கைவிரல்களை மேலே நீட்டியது போல இருந்தன. சில, மேடும் பள்ளமுமாக வளைந்து வளைந்து மடிப்புகளோடு இருந்தன. உங்களிடம் கொடுத்தால் என்ன சொல்வீர்கள்? "மூன்று வேறு வேறு இனம், சார்" என்றுதானே!

டெண்டி அப்படிச் சொல்லவில்லை. மூன்றும் ஒரே இனம்தான் என்று முடிவு செய்தார். மூன்று வடிவங்களையும் மூன்று உட்பிரிவுகளாகக் குறித்துவைத்தார். அந்த இனத்துக்கு 'இன்கான்ஸ்டன்ஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் அதற்கு 'நிலையாக இல்லாதது, மாறிக்கொண்டே இருப்பது' என்று பொருள். பொருத்தமான பெயர்தானே?

பஞ்சுயிரி ஏன் இப்படி வேஷம் மாற்றுகிறது? ஆடு எங்கே வளர்ந்தாலும் ஆடு போலத்தான் இருக்கும். பஞ்சுயிரி அப்படி இல்லை. அலை பலமாக அடிக்கும் இடத்தில் பாறையோடு பாறையாகப் படிந்து வளரும். அமைதியான தண்ணீரில் விரல் விரலாக நிமிர்ந்து வளரும். மணல் வந்து மூடும் இடத்தில், மூச்சுவிட வசதியாகத் துளைகளை உயரத்தில் வைத்துக்கொள்ளும். ஆகவே வெளி உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னால் ஏமாந்துபோவோம்.

முள் சொல்லும் சாட்சி

அப்படியானால் எதைப் பார்ப்பது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, உயிரோடு இருக்கும்போதே குறிப்பு எடுப்பது. என்ன நிறம், என்ன வாசனை, அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, கல் போல இருக்கிறதா, எந்த ஊர்க் கடல், எத்தனை மீட்டர் ஆழம், என்ன தேதி... எல்லாவற்றையும் எழுதவேண்டும். ஏன் தெரியுமா? சாராயக் கரைசலில் போட்டதும் நிறம் போய்விடும். பிறகு எல்லாமே பழுப்புத்தான்!

இரண்டாவது, கூர்மையான கத்தியால் மெல்லிய சீவல் எடுத்து, உள்ளே முட்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது. கீற்றுப் பின்னியதுபோலவா, கட்டுக் கட்டாகவா, வைக்கோல் போல இறைந்து கிடக்கிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். ஆய்வுக்கூடத்தில் சிறு துண்டை ரசாயனத்தில் போட்டுச் சதையைக் கரைத்துவிடுவார்கள். அடியில் கண்ணாடி முட்கள் மட்டும் வெண்பொடியாகத் தங்கும். அதை நுண்ணோக்கியில் வைத்தால்... அடேயப்பா! குண்டூசி போலத் தலையுள்ளது, இருபுறமும் கூரானது, நங்கூரம் போன்றது, நட்சத்திரம் போன்றது, வில் போன்றது என்று ஒரு பெரிய ஆயுதக் கிடங்கே தெரியும். ஒவ்வொரு வகை முள்ளிலும் பலவற்றை அளந்து, மிகச் சிறியது எவ்வளவு, மிகப் பெரியது எவ்வளவு, சராசரி என்ன என்று பட்டியல் போடுவார்கள். அளவு மைக்ரோமீட்டரில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்.

நம் கதாநாயகனைப் பாருங்கள். டெண்டி முதலில் அதைச் 'சுபரைட்டஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தார். அந்தக் கூட்டத்தில் குண்டூசி போன்ற முட்கள்தான் இருக்கும். ஆனால், குண்டூசி முட்களோடு, திருகிய உடம்பில் நெருஞ்சி முள் போல முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் மிகச் சிறிய முட்களும் வேறு சில கூட்டங்களில் உண்டு. 'ஸ்பைராஸ்டிரெல்லா' அப்படிப்பட்டது. பின்னாளில் நம் பஞ்சுயிரி அந்தக் கூட்டத்துக்கு மாற்றப்பட்டது. அதன்பின் மேலும் ஆராய்ந்து 'ஸ்பெசியோஸ்பாஞ்சியா' என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பஞ்சுயிரி எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதை இப்படிக் கண்ணுக்குத் தெரியாத முள்கூடத் தீர்மானித்துவிடுகிறது. இன்று டி.என்.ஏ. சோதனையும் செய்கிறார்கள். ஆனாலும் முள்ளைப் பார்க்கும் வேலை நின்றுவிடவில்லை.

பஞ்சுயிரிக்கும் இனிஷியல் உண்டு!

ஒரே வகுப்பில் இரண்டு முருகன் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? "செ.முருகன்", "ப.முருகன்" என்று இனிஷியலோடு கூப்பிடுவார். தமிழில் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும். சொந்தப் பெயர் பின்னால் வரும். அறிவியல் பெயரும் இப்படித்தான்! முன்னால் பேரினம், பின்னால் சொந்தப் பெயர். 'ஸ்பெசியோஸ்பாஞ்சியா இன்கான்ஸ்டன்ஸ்' என்பதுதான் நம் கதாநாயகனின் இன்றைய முழுப்பெயர்.

அதன் பிறகு (டெண்டி, 1887) என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். முதன்முதலில் பெயர் வைத்தவரும் ஆண்டும் அது. அடைப்புக்குறி சும்மா அழகுக்குப் போட்டதில்லை. 'இந்தப் பிள்ளை பிறந்தபோது வேறு பேரினத்தில் இருந்தது, பிறகு மாற்றப்பட்டது' என்பதற்கு அது அடையாளம். ஒரு சின்ன அடைப்புக்குறிக்குள் எவ்வளவு பெரிய வரலாறு பார்த்தீர்களா?

புதிய இனத்துக்குப் பெயர் வைத்தவர், அந்த மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதை மூல மாதிரி என்பார்கள். மளிகைக்கடை எடைக்கல் சரிதானா என்று பார்க்க அரசு அலுவலகத்தில் ஓர் அசல் கல் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நூறு வருடம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால், மூல மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டவரும் இந்த வேலையில் சளைத்தவர்கள் இல்லை. ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் இருக்கிறதே, அங்குள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பி.ஏ.தாமஸ் என்ற விஞ்ஞானி, மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பகுதிகளின் பஞ்சுயிரிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விரிவாக எழுதினார்.

குளிர்ந்த கடலில் கண்ணாடி மாளிகை

"நம் கடல் வெதுவெதுப்பானது. குளிர்ந்த நீர்ப் பஞ்சுயிரிகள் துருவப் பகுதியில்தானே இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். அண்டார்டிகாவில் அவை ஏராளமாக உண்டு, உண்மைதான். ஆனால் வங்காள விரிகுடாவின் மேற்பரப்புதான் வெதுவெதுப்பு. வெயில் எட்டாத ஆழத்துக்கு, ஆயிரம் மீட்டருக்கும் கீழே போனால், தண்ணீரின் வெப்பம் பத்து டிகிரிக்கும் குறைவு. குளிர்சாதனப் பெட்டிக்குள் நுழைந்தது போல இருக்கும்!

அங்கேதான் கண்ணாடிப் பஞ்சுயிரிகள் வாழ்கின்றன. அவற்றின் முள் ஆறு முனை கொண்டது. 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற ஆய்வுக்கப்பல் இந்தியக் கடல்களின் ஆழத்தில் வலை இறக்கி அவற்றை எடுத்துவந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஷூல்ட்ஸே என்ற விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலைக் கொல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகம் 1902ம் ஆண்டு வெளியிட்டது.

'மோனோராபிஸ்' என்ற கண்ணாடிப் பஞ்சுயிரி, கடலடிச் சேற்றில் ஒரே ஒரு பெரிய கண்ணாடி ஊசியை ஊன்றிக்கொண்டு நிற்கும். அந்த ஊசி மூன்று மீட்டர் வரை வளரும். உங்கள் வகுப்பறைக் கூரையைத் தொட்டுவிடும்! அப்படிப்பட்ட ஓர் ஊசியின் வயது சுமார் 11,000 ஆண்டுகள் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். மாமல்லபுரக் கோயில்களுக்கே வயது 1,300 ஆண்டுகள்தான். குளிர்ந்த நீரில் எல்லாம் மெதுவாகத்தான் வளரும். வலை இழுத்து அப்படி ஒன்றை உடைத்துவிட்டால், அது மறுபடி எழ நம் ஆயுள் போதாது.

பெயர் வைப்பதால் என்ன லாபம்?

"இவ்வளவு பாடுபட்டு ஒரு பஞ்சுயிரிக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் பக்கத்துக் கடலில் கிடைத்த ஒரு பஞ்சுயிரிக்கு 1949ம் ஆண்டு டி லாபன்பெல்ஸ் என்பவர் 'கிரிப்டோடெத்தியா கிரிப்டா' என்று பெயர் வைத்தார். 'கிரிப்டா' என்றால் மறைந்திருப்பது. வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியல் விஞ்ஞானி அந்த இனத்திலிருந்து இதுவரை யாரும் பார்த்திராத சில பொருள்களைப் பிரித்தெடுத்து 1950களின் தொடக்கத்தில் அறிவித்தார். அவற்றின் அமைப்பைப் பார்த்து, அதே பாணியில் ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்துதான் 'சைட்டரபின்'. ரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்க 1969ம் ஆண்டு அமெரிக்க அரசு அனுமதித்தது. இன்றும் உலகெங்கும், உங்கள் வயதுக் குழந்தைகள் உட்பட, ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அது கொடுக்கப்படுகிறது.

யோசித்துப் பாருங்கள். "ஏதோ ஒரு பழுப்புப் பஞ்சிலிருந்து கிடைத்தது" என்று மட்டும் எழுதிவைத்திருந்தால், அடுத்தவர் அதே இனத்தைத் தேடி எடுத்துச் சோதித்துப் பார்க்க முடியுமா? அந்தப் பஞ்சுயிரியின் பேரினப் பெயரும் பிறகு 'டெக்டிடெத்தியா' என்று மாறியது. ஆனால் முறையான விவரிப்பு இருந்ததால் அது தொலைந்துபோகவில்லை.

நம் மீனவர்களின் வலையிலும் மீனோடு பஞ்சுயிரி சிக்கிவரும். விலை போகாது என்பதால் உதறிவிடுவார்கள். பாவம், அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. அப்படி உதறியதில் எது பெயர் உள்ளது, எது பெயர் இல்லாதது என்று சொல்ல, முள்ளைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தப் படிப்பு பொறுமையைக் கேட்கும். காசை அதிகம் கேட்காது. 22 வயது டெண்டி செய்ததை, நுண்ணோக்கி முன்னால் உட்காரும் பொறுமை இருந்தால் நீங்களும் ஒருநாள் செய்யலாம்.

நீங்களே துப்பறியுங்கள்!

இப்போதே ஆரம்பிக்க ஆசையா? இதோ இரண்டு வேலை.

ஒன்று: கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று எந்தக் கடற்கரைக்குப் போனாலும், வெறும் சிப்பி ஓடுகளில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வட்ட ஓட்டை, ஓரம் வழவழப்பாகச் சரிந்திருந்தால், அது ஒருவகைக் கடல் நத்தையின் வேலையாக இருக்கலாம். சிப்பியைத் தின்ன அது போட்ட துளை. அப்படியில்லாமல், குண்டூசியால் குத்தியது போலப் பல சிறு துளைகள் ஓடெங்கும் இருந்து, உடைத்துப் பார்த்தால் உள்ளே எறும்புப் புற்றைப் போல வழிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் 'கிளையோனா' போன்ற துளைபோடும் பஞ்சுயிரியின் வேலை. ரசாயனத்தால் ஓட்டைக் கரைத்து, துணுக்குத் துணுக்காகப் பெயர்த்து, உள்ளே வீடு கட்டிக்கொள்ளும். முத்துச்சிப்பியையும் சங்கையும்கூட இது விட்டுவைப்பதில்லை.

இரண்டு: ஒரு சிப்பி ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். நுரை வரும். அது சுண்ணாம்பு. கொஞ்சம் ஆற்று மணலில் விடுங்கள். நுரை வராது. அதில் இருப்பது சிலிக்கா. சுண்ணாம்பு முள் எது, சிலிக்கா முள் எது என்று ஆய்வாளர்கள் பிரித்தறியும் பாடத்தின் அரிச்சுவடி இதுதான்.

ஒரு எச்சரிக்கை. உயிருள்ள பஞ்சுயிரியைப் பாறையிலிருந்து பிய்க்கக் கூடாது. ஒதுங்கிக் கிடப்பதையும் வெறும் கையால் பிசையாதீர்கள்; கண்ணாடி முள் தோலில் ஏறினால் அரிப்பெடுக்கும். நோட்டில் படம் வரையுங்கள். தேதி, இடம், நிறம், அளவு எழுதுங்கள். அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவருக்கும் சந்தேகம் வந்தால், சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடல் உயிரினங்களை இனம் காண்பதே அவர்கள் வேலை.

எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள்: "அழகாக இருந்தது", "பெரிதாக இருந்தது" என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. "ஆறு சென்டிமீட்டர் நீளம், ஆரஞ்சு நிறம், அழுத்தினால் மீண்டு வருகிறது, கோயிலுக்கு வடக்கே மணலில் கிடந்தது" என்று எழுதுங்கள். பார்க்காதவரும் அதைப் படித்து அடையாளம் காண வேண்டும். அதற்குப் பெயர்தான் விவரிப்பு. 1887ல் எழுதிய கட்டுரை இன்றும் பயன்படுகிறது என்றால், அதனால்தான்!